அன்னாசியில் எட்டு, பதின்மூன்று, இருபத்தொன்று

பிள்ளைகளே, அடுத்த முறை வீட்டுக்கு அன்னாசி வந்தால் உடனே வெட்ட விடாதீர்கள். அம்மாவிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிற மார்க்கர் பேனையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

தோலில் கண் கண்ணாக இருக்கிறதே, அதைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு காலத்தில் தனிப் பூவாக இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சின்னப் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சதை பிடித்ததைத்தான் நாம் ஒரே பழம் என்கிறோம். இந்தக் கண்கள் தாறுமாறாக இல்லை, வரிசை வரிசையாகச் சாய்ந்து ஏறுகின்றன. அதிகம் சாய்ந்து, மெதுவாக ஏறும் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு அதே பக்கம் சாய்ந்த அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று பழத்தைச் சுற்றி வந்து முதற் கோட்டை அடையும்வரை எண்ணுங்கள். நன்றாக விளைந்த பழத்தில் பெரும்பாலும் 8 வரும். இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்த வரிசைகளை எண்ணுங்கள். 13 வரும். இன்னும் கூர்ந்து பார்த்தால், ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும் மூன்றாவது வகை வரிசையும் தெரியும். அது 21. சிறிய பழமென்றால் 5, 8, 13 என்று ஒரு படி இறங்கியும் வரலாம்.

5, 8, 13, 21. ஐந்தும் எட்டும் பதின்மூன்று. எட்டும் பதின்மூன்றும் இருபத்தொன்று. முன்னிரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கிறது. இதைத் தொடக்கத்திலிருந்து எழுதினால் 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என்று முடிவில்லாமல் போகும்.

இனிக் கணிப்பானை எடுங்கள். ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்திய எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8ஐ 5ஆல் வகுத்தால் 1.6. 13ஐ 8ஆல் வகுத்தால் 1.625. 21ஐ 13ஆல் வகுத்தால் 1.615. 34ஐ 21ஆல் வகுத்தால் 1.619. கொஞ்சம் கூடி, கொஞ்சம் குறைந்து, கடைசியில் எல்லாம் ஒரே இடத்தை நெருங்குகின்றன: 1.618. அதற்குப் பின்னாலும் தசம இலக்கங்கள் முடியாமல் நீண்டுகொண்டே போகின்றன. இதைத்தான் பொன் விகிதம் என்கிறார்கள். ஒரு தடியை இரண்டு துண்டாக வெட்டும்போது, முழுத் தடிக்கும் பெரிய துண்டுக்கும் உள்ள விகிதமும், பெரிய துண்டுக்கும் சின்னத் துண்டுக்கும் உள்ள விகிதமும் ஒன்றாகவே இருந்தால், அந்த விகிதம் 1.618. கி.மு. 300 அளவில் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதைத் தம் வடிவியல் நூலில் எழுதி வைத்தார்.

இந்த எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உங்களுக்கு விருப்பமான எந்த நேர் எண்ணையும் எடுங்கள், 5 என்று வைப்போம். ஒன்றை அதனால் வகுத்து, வந்ததோடு ஒன்றைக் கூட்டுங்கள்: 1.2. மறுபடியும் ஒன்றை 1.2ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டுங்கள்: 1.833. இப்படியே செய்துகொண்டு போனால் 1.545, 1.647, 1.607, 1.622, 1.616 என்று ஆடி ஆடி வந்து 1.618இல் நின்றுவிடும். 5க்குப் பதிலாக 700இல் தொடங்கினாலும் அங்கேதான் வந்து சேரும்.

சரி, அன்னாசிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதற்குக் கூட்டலும் தெரியாது, வகுத்தலும் தெரியாது. விடையைத் தேட நம் மாத்தளை மாவட்டத்தைப் போல வசதியான இடம் இல்லை. இங்கே வாசனைத் திரவியத் தோட்டத்துக்குள் நுழைந்தால் ஏலம், இஞ்சி, கராம்பு, கோப்பி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொஞ்சம் மேலே ஏறினால் தேயிலை. காய்களை விட்டுவிட்டு, இலைகள் தண்டில் எப்படி அமைந்திருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

ஏலத்திலும் இஞ்சியிலும் ஓர் இலை இந்தப் பக்கம், அடுத்த இலை நேர் எதிர்ப்பக்கம், மூன்றாவது இலை மறுபடி இந்தப் பக்கம். இரண்டே வரிசை. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடையே 180 பாகை. கராம்பு வேறு மாதிரி. அதில் இலைகள் சோடி சோடியாக, எதிரும் புதிருமாக வருகின்றன. கோப்பிச் செடியின் நிமிர்ந்த தண்டில் ஒரு சோடி கிழக்கு மேற்காக நின்றால் அடுத்த சோடி வடக்குத் தெற்காக நிற்கும். முற்றத்துத் துளசியிலும் இதைப் பார்க்கலாம். இவற்றில் எதிலும் பொன் விகிதம் இல்லை. இயற்கை எங்கும் பொன் விகிதம் நிறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், ஓர் இஞ்சிச் செடியைக் காட்டுங்கள்.

தேயிலைக்கு வாருங்கள். இலைகள் ஒவ்வொன்றாக, தண்டைச் சுற்றிப் படி ஏறுவதுபோல வரும். பப்பாசி மரத்திலும் அப்படித்தான். உதிர்ந்த இலைகளின் தழும்பு மரத்தைச் சுற்றி ஏறிப் போவது தெரியும். ஓர் இலையில் நூலைக் கட்டி, அதற்கு ஏறக்குறைய நேர் மேலே இன்னோர் இலை வரும்வரை நூலை இலை இலையாகச் சுற்றிக் கொண்டுபோங்கள். எத்தனை இலை தாண்டினீர்கள், நூல் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று கொப்பியில் குறியுங்கள். இப்படிச் சுழன்று ஏறும் செடிகள் பலவற்றில் 5 இலைக்கு 2 சுற்று அல்லது 8 இலைக்கு 3 சுற்று வரும். 5க்கு 2 என்றால் ஓர் இலைக்கும் அடுத்ததற்கும் 144 பாகை. 8க்கு 3 என்றால் 135 பாகை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோணம் இருக்கிறது: 137.5 பாகை. ஒரு வட்டத்தின் 360 பாகையை 1.618ஆல் வகுத்தால் 222.5 வரும். வட்டத்தில் மிச்சம் 137.5. இதுதான் பொன் கோணம்.

அந்தக் கோணத்தில் என்ன விசேடம்? வரைந்து பார்த்தால் புரிந்துவிடும். தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். பாகைமானியால் 90 பாகை திருப்பித் திருப்பி, ஒவ்வொரு முறையும் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். நாலு நேர்க்கோடுதான் கிடைக்கும், நடுவே பெரிய வெற்றிடம். 120 பாகையில் மூன்று கோடு. 135 பாகையில் எட்டுக் கோடு, இடைவெளி குறைகிறது, ஆனால் இன்னும் இருக்கிறது. வட்டத்தை எளிய பின்னமாகப் பிரிக்கும் எந்தக் கோணமும் இப்படித்தான், சில சுற்றுகளில் பழைய திசைக்கே திரும்பி வந்துவிடும். 1.618 எளிய பின்னங்களுக்கு மிகவும் பிடிகொடுக்காத எண். ஆகவே 137.5 பாகையில் புள்ளி வைத்தால் எந்தப் புள்ளியும் முன்னைய புள்ளியின் நேர் பின்னால் வராது. ஐம்பது அறுபது புள்ளி வைத்த பிறகு தாளைத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். சூரியகாந்திப் பூவின் நடுப்பகுதி உங்கள் தாளிலேயே இருக்கும். அதில் இடமாகவும் வலமாகவும் வளையும் வரிசைகளை எண்ணினால் 8, 13, 21 வந்துவிடும். வரிசைகளை நீங்கள் வரையவில்லை. கோணத்தை மட்டும்தான் வைத்தீர்கள்.

அன்னாசியும் அதைத்தான் செய்கிறது. செடியின் நுனியில், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன மொட்டுக்குள், புதிய இலையும் பூவும் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. ஒட்சின் என்ற ஓமோன் எங்கே சேர்கிறதோ அங்கே முளை வரும். முளைத்த முளை தன்னைச் சுற்றியுள்ள ஒட்சினை இழுத்துக்கொள்ளும். அதனால் அடுத்த முளைக்கு அதன் பக்கத்தில் இடமில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையை விட்டுத் தள்ளிப்போய் உட்காருவதைப் போல, புதிய முளை பழைய முளைகளிலிருந்து விலகிய இடத்தைப் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் இந்த ஒரே விதியைக் கடைப்பிடித்தால் போதும், கோணம் தானாகவே 137.5 பாகைக்கு வந்து நிற்கும்.

உயிரில்லாத பொருளும் இதைச் செய்யும் என்று 1992இல் பிரான்சு நாட்டு இயற்பியலாளர்கள் இருவர், தூவாடியும் கூடேரும், காட்டினார்கள். எண்ணெய் நிறைந்த ஒரு தட்டின் நடுவில் காந்தத் திரவத்தைத் துளித் துளியாக விட்டார்கள். துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விளிம்பை நோக்கி நகர்ந்தன. மெதுவாக விட்டபோது ஒரு துளி இந்தப் பக்கமும் அடுத்த துளி எதிர்ப்பக்கமும் போயின, நம் ஏலத்தின் இலைகளைப் போல 180 பாகை. வேகமாக விட்டபோது துளிகள் சுருளாகச் சுழன்று, அடுத்தடுத்த துளிகளுக்கு இடையே உள்ள கோணம் 137.5 பாகையை நெருங்கியது! தட்டில் விதையும் இல்லை, செடியும் இல்லை. தள்ளுதல் ஒன்றுதான் இருந்தது.

இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழாமல் வெயில் வாங்கவே இப்படி அமைந்தன என்று சில புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது முழு விடை ஆகாது. கோணம் முடிவாவது வெயில் படாத மொட்டுக்குள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செடிகள் எப்போதும் பாடப் புத்தகத்தைப் பின்பற்றுவதில்லை. கணினிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான இங்கிலாந்தின் அலன் டியூரிங், தம் கடைசிக் காலத்தில், செடிகளில் இந்த எண்கள் ஏன் வருகின்றன என்ற கேள்வியில்தான் மூழ்கியிருந்தார். 1954இல் அவர் மறைந்தபோது அந்த வேலை பாதியில் நின்றது. 2012இல் அவர் பிறந்த நூற்றாண்டுக்காக இங்கிலாந்தில் பொதுமக்கள் சூரியகாந்தி வளர்த்து, பூக்களின் வரிசைகளை எண்ணி அனுப்பினார்கள். அறுநூற்றுக்கு மேற்பட்ட பூக்கள் சேர்ந்தன. பெரும்பாலானவற்றில் 34, 55, 89 போன்ற நம் எண்களே இருந்தன. சிலவற்றில் இல்லை, சிலவற்றில் வரிசையை எண்ணவே முடியவில்லை. அந்த ஆய்வு விதிக்குள் வராத பூக்களையும் மறைக்காமல் சேர்த்தே வெளியிடப்பட்டது. எனக்கு அது பெரிய விடயமாகப் படுகிறது.

1, 2, 3, 5, 8 என்ற இந்தத் தொடருக்கு இத்தாலியின் பீசா நகரத்து ஃபிபொனாச்சியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1202இல் அவர் எழுதிய புத்தகத்தில் முயல்கள் பெருகும் ஒரு கணக்கில் இது வருகிறது. ஆனால் அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1150 அளவில், குசராத்தைச் சேர்ந்த சமண அறிஞர் ஏமச்சந்திரர் இதை எழுதிவிட்டார். அவருக்கும் முன்னால் விரகாங்கர் என்பவர். இருவரும் முயலை எண்ணவில்லை, பாட்டை எண்ணினார்கள்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். சமஸ்கிருத யாப்பிலும் இதே ஒன்று, இரண்டு கணக்குத்தான். குறிலுக்கு ‘த’ என்றும் நெடிலுக்கு ‘தா’ என்றும் கைதட்டிச் சொல்லுங்கள். ஒரு மாத்திரை அளவை நிரப்ப ஒரே வழி: த. இரண்டு மாத்திரைக்கு இரண்டு வழி: தத, தா. மூன்றுக்கு மூன்று: ததத, ததா, தாத. நான்குக்கு ஐந்து: தததத, தததா, ததாத, தாதத, தாதா. ஐந்து மாத்திரைக்கு எட்டு வழி, ஆறுக்குப் பதின்மூன்று. நம்பாவிட்டால் எழுதிப் பாருங்கள்.

ஏன் கூட்டிக்கொண்டே போகிறது? நான்கு மாத்திரைத் தாளம் குறிலில் முடிந்தால், அதற்கு முன்னால் மூன்று மாத்திரை இருக்கும். அதற்கு மூன்று வழி. நெடிலில் முடிந்தால், முன்னால் இரண்டு மாத்திரை இருக்கும். அதற்கு இரண்டு வழி. மூன்றும் இரண்டும் ஐந்து. பாட்டு எழுதக் கற்கிறவருக்கு எத்தனை தாளம் கைவசம் உண்டு என்று கணக்கிடப்போய், அன்னாசித் தோலில் இருக்கும் எண்களில் வந்து முட்டிக்கொண்டார்கள். கணித வரலாற்றில் இதைவிட எனக்குப் பிடித்த இடம் இல்லை.

நம் மாவட்டத்திலேயே மாத்திரையை எண்ணியவர்களின் கையெழுத்து இருக்கிறது. சிகிரியாவுக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருந்தால், ஓவியங்களுக்குக் கீழே நீண்டு செல்லும் கண்ணாடிச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். கோட்டையைக் கட்டியவன் 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்ப மன்னன். அவனுக்குப் பின் பல நூற்றாண்டுகளாக அங்கே வந்தவர்கள், ஓவியப் பெண்களைப் பார்த்து வியந்து அந்தச் சுவரில் பாடல்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்தறிந்து 1956இல் நூலாக வெளியிட்டார். அவை பழைய சிங்களப் பாடல்கள். மாத்திரையை எண்ணி அடியை அமைக்கும் யாப்பு அவற்றின் யாப்பு. குறிலும் நெடிலும், ஒன்றும் இரண்டும். (நீங்கள் போனால் சுவரில் ஒரு கீறலும் போட்டுவிடாதீர்கள். இப்போது அது குற்றம், அழிந்தால் திரும்பக் கிடைக்காத செல்வமும்கூட.)

ஆனால் அதே சிகிரியாவின் ஓவியத்துக்கு மேல் ஒரு சுருளை வைத்து, ‘பார், பொன் விகிதம்’ என்று யாராவது காட்டினால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்த ஓவியர்கள் 1.618ஐ வைத்து வரைந்தார்கள் என்று ஏடோ கல்வெட்டோ சொல்லவில்லை. மலையடியில் இருக்கும் நீர்த்தோட்டத்தைப் பாருங்கள். அங்கே வேறோர் அழகு நடக்கிறது. நடுப்பாதையின் ஒரு பக்கம் உள்ள குளத்துக்கு மறுபக்கம் அதே போன்ற குளம் இருக்கிறது. இடமும் வலமும் ஒத்துப்போகும் சமச்சீர் அது. சிலை வடிக்கிறவர்களைக் கேட்டால் அவர்களுக்குத் தாலக் கணக்கு உண்டு. முகத்தின் நீளத்தை அலகாக வைத்து, முழு உருவம் அதைப்போல் இத்தனை மடங்கு என்று முழு எண்ணில் அளந்து செதுக்குவார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கும்போது உங்கள் கண்ணாலேயே அளந்து பாருங்கள். அழகுக்கு ஒரே ஓர் எண்தான் என்றால் இவை எல்லாம் எங்கே போவது?

பெரிய ஓவியங்களில் பொன் விகிதம் ஒளிந்திருக்கிறது என்ற கதை பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. இத்தாலியக் கணித ஆசிரியர் லூக்கா பச்சோலி இந்த விகிதத்தைப் புகழ்ந்து எழுதிய நூல் 1509இல் அச்சானது. அதற்குக் கனவடிவங்களின் படங்களை வரைந்து கொடுத்தவர் லியனார்டோ டாவின்சி. அதனால் அவருடைய மோனாலிசாவிலும் இது இருக்கத்தான் வேண்டும் என்று பிற்காலத்தவர் எண்ணிக்கொண்டார்கள். தடித்த கோடு ஒன்றை எடுத்து, விருப்பமான இடத்தில் தொடங்கி விருப்பமான இடத்தில் முடித்தால், எந்தப் படத்திலும் 1.6க்குக் கிட்டத்தட்ட ஏதாவது அகப்படும். நொட்டிலசு என்ற கடல் உயிரியின் சங்கும் இப்படித்தான் சிக்கிக்கொண்டது. பொன் விகிதப்படி விரியும் சுருளைப் பொன் சுருள் என்பார்கள், அது ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரியும். அந்தச் சங்கோ ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மடங்குதான் விரிகிறது. அழகான முகத்துக்கு 1.618 வேண்டும் என்று அளந்து காட்டும் படங்களும் உலவுகின்றன. அவற்றைப் பார்த்துக் கண்ணாடி முன்னால் அடிமட்டத்தோடு நிற்காதீர்கள். அப்படி ஓர் அறிவியல் இல்லை.

உண்மையாகவே இந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டியவர் ஒருவர் இருக்கிறார்: கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே. கையை உயர்த்தி நிற்கும் ஒரு மனிதனை வரைந்து, 43, 70, 113, 183 சென்டிமீட்டர் என்று ஓர் அளவுத் தொடரை 1940களில் உருவாக்கினார். 43ஐயும் 70ஐயும் கூட்டுங்கள், 70ஐயும் 113ஐயும் கூட்டுங்கள், ஏன் இந்த எண்கள் என்று தெரியும். 1950களில் இந்தியாவின் சண்டிகர் நகரத்தில் அவர் எழுப்பிய கட்டடங்களில் இந்த அளவுகள் இருக்கின்றன. இதை நம்பலாம், ஏனென்றால் அவரே எழுதி வைத்துவிட்டுக் கட்டினார்.

உங்கள் கொப்பியிலும் சட்டைப்பையிலும் இருப்பதை அளந்தால் விதவிதமாக வரும். ஏ4 தாளின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.414, நடுவே மடித்தாலும் அதே வடிவம் வரவேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். நம் தேசியக் கொடி 2. வங்கி அட்டை 1.586, பொன் விகிதத்துக்குப் பக்கத்தில் வருகிறது, அவ்வளவுதான். அளவு துளியும் பிசகாமல் வேண்டுமென்றால் ஒரு தென்னோலைக் கீற்றையோ தாள் நாடாவையோ எடுத்து ஒரு முடிச்சுப் போட்டு, மெல்ல இழுத்துத் தட்டையாக அழுத்துங்கள். முடிச்சு ஓர் ஐங்கோணமாக நிற்கும். ஒழுங்கான ஐங்கோணத்தில் மூலைவிட்டத்தைப் பக்கத்தால் வகுத்தால் வருவது பொன் விகிதமேதான். பக்கம் 5 சென்டிமீட்டர் என்றால் மூலைவிட்டம் 8.1 சென்டிமீட்டரை ஒட்டி வரும்.

கடைசியாக ஒரு வேலை. நம் மலைச்சரிவுகளில் நட்டிருக்கும் பைனஸ் மரங்களின் கீழே உலர்ந்த காய்கள் உதிர்ந்து கிடக்கும். நாலைந்து பேர் சேர்ந்து பத்து இருபது காய் பொறுக்கி வாருங்கள். காம்புப் பக்கம் திருப்பிப் பிடித்து, இடஞ்சுழி வரிசைகளையும் வலஞ்சுழி வரிசைகளையும் வேறு வேறு நிறம் பூசி எண்ணுங்கள். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் பார்க்காமல் மறுபடி எண்ணட்டும். 5உம் 8உம், அல்லது 8உம் 13உம் அதிகமாக வரும். எங்காவது ஒரு காயில் 4உம் 7உம், அல்லது 7உம் 11உம் வந்தால் பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நாலும் ஏழும் பதினொன்று. அதுவும் முன்னிரண்டைக் கூட்டிப் போகும் தொடர்தான், தொடக்கம் மட்டும் 1, 3 என்று வேறு. லூக்காஸ் எண்கள் என்று அதற்குப் பெயர். செடிகளில் அபூர்வமாகத்தான் வரும். அந்தக் காயைச் சிதையாமல் ஒரு பெட்டியில் போட்டு, எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதி ஒட்டி, அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.